படத்தொகுப்புக் கலையும் நூல் தேர்வும்

நாஞ்சில் நாடு நெல்வளத்தால் மட்டுமன்றிக் கலை வளத்தாலும் பெயர் பெற்றது. கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் 1908-ஆம் ஆண்டு நாகர்கோவிலைச் சார்ந்த ஒழுகினசேரியில் பிறந்தவர். அவர் திரையில் தோன்றுவதற்கு முன்னரே, அந்நாட்டு அகஸ்தீசுவரத்தைச் சேர்ந்த ஜே.சி. டேனியல் என்பார் திரைப்படம் எடுக்கும் பெருமுயற்சியில் இறங்கினார். தொழிலைக் கற்கும் பொருட்டுச் சென்னைக்கும் பம்பாய்க்கும் சென்றார். தம் நிலத்தை விற்றுப் பொருள் திரட்டினார். 1926-இல் திருவனந்தபுரத்தில் படநிலையம் ஒன்றை நிறுவினார். 1920-களின் இறுதியில் அவர் எடுத்த ‘விகதகுமாரன்’ என்னும் ஊமைப்படமே கேரளத்தின் முதல் கதைப்படமாகும். இயக்கம், ஒளிப்பதிவு, நடிப்பு, படத்தொகுப்பு ஆகிய பணிகள் அனைத்தையும் அவர் தாமே தாங்கினார். ஆயினும் படம் வெற்றி பெறவில்லை, நிலையமும் மூடப்பட்டது. அப்படத்தின் படி ஒன்றேனும் இன்று எஞ்சவில்லை. டேனியல் 1975-இல் மறைந்தார். கேரள அரசு 1992 முதல் அவர் பெயரால் விருது வழங்கி வருகிறது.

டேனியல் படத்தொகுப்பைக் கற்க விரும்பிய காலத்தில் அதனைக் கற்பிக்கும் பள்ளி நம் நாட்டில் இல்லை. அக்கலையின் முதல்நூல்களுள் ஒன்றான புடோவ்கினின் ‘திரைப்பட நுட்பம்’ ஆங்கிலத்தில் வெளிவந்ததே 1929-இல்தான். இன்றோ நிலைமை முற்றிலும் மாறிவிட்டது. ஒரு கணினியும் ஒரு மென்பொருளும் இருப்பின், சிற்றூர் மாணவன் ஒருவன் தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே படம் தொகுக்கலாம். அதனைக் கற்பிக்கும் நூல்களும் எண்ணிறந்தன. அன்று நூலின்மை இடர்ப்பாடாயிருந்தது. இன்று நூல்களின் மிகுதியே இடர்ப்பாடாகிவிட்டது. தவறான நூலை வாங்குவோன் இழப்பது பணத்தை மட்டுமன்று. கற்கும் பருவத்தில் ஓர் ஆண்டையும் இழந்துவிடுகிறான். ஆகவே, நூலைத் தேர்ந்தெடுக்கும் முறையை முதலில் அறிதல் வேண்டும்.

படத்தொகுப்பு என்பது யாது? எடுத்த காட்சிகளுள் வேண்டாதவற்றை நீக்கி, வேண்டுவனவற்றை உரிய அளவில் உரிய வரிசையில் இணைப்பதே அது. இணைக்கும் வரிசை மாறினால் பொருளும் மாறும். உருசிய நாட்டில் லெவ் குலெஷோவ் என்பார் இதனை ஒரு சோதனையால் விளக்கினார். உணர்ச்சி எதுவும் காட்டாத ஒரு நடிகரின் முகத்தை, ஒரு கிண்ணத்துச் சாறு, சவப்பெட்டியில் கிடக்கும் ஒரு பெண், பொம்மையோடு விளையாடும் ஒரு சிறுமி ஆகிய மூன்று காட்சிகளோடு தனித்தனியே இணைத்தார். பார்த்தோர் முதலாவதில் ஆழ்ந்த சிந்தனையையும், இரண்டாவதில் துயரத்தையும், மூன்றாவதில் மகிழ்ச்சியையும் அம்முகத்தில் கண்டு நடிகரைப் பாராட்டினர் என்று புடோவ்கின் கூறியுள்ளார். மூன்று இடத்தும் முகம் ஒன்றே! பொருளைத் தந்தது நடிகரின் முகமன்று. காட்சிகளின் இணைப்பே ஆகும்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். படம் தொகுப்பவனுக்கு இருவகை அறிவு தேவை. மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் காட்சி துண்டாகும் என்பது ஒருவகை அறிவு. எந்த இடத்தில், எதற்காகத் துண்டாக்க வேண்டும் என்பது மற்றொரு வகை அறிவு. தச்சனுக்கு உளியைப் பிடிக்கவும் தெரிய வேண்டும். மரத்தின் தன்மையும் தெரிய வேண்டும் அன்றோ? அதுபோலவே இத்துறை நூல்களும் கருவி நூல், கலை நூல் என இரண்டாகப் பிரியும்.

கருவி நூல் விரைவில் மூப்படையும் இயல்புடையது. 2011-ஆம் ஆண்டு ஆப்பிள் நிறுவனம் ‘பைனல் கட் புரோ’ என்னும் மென்பொருளை அடியோடு மாற்றிப் புதிதாக வெளியிட்டது. முந்திய ஏழாம் பதிப்புக்கென எழுதப்பட்ட நூல்கள், புதியதைக் கற்க வந்தவனுக்குப் பயன்படாமற் போயின. ஆகவே கருவி நூலை வாங்குவோன், தன் கணினியில் உள்ள மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் நூலின் அட்டையில் உள்ளவற்றோடு ஒப்பிட வேண்டும்; நூல் வெளிவந்த ஆண்டையும் நோக்க வேண்டும். பாதி விலைக்குக் கிடைக்கிறது என்று பழைய பதிப்பை வாங்குதல் சிக்கனம் ஆகாது. பயிற்சிக்குரிய காட்சித் துண்டுகளை நூலுடன் தருகின்றனரா என்பதையும் அறிதல் நன்று. ‘டாவின்சி ரிசால்வ்’ என்னும் மென்பொருளுக்குக் கட்டணமில்லாப் பதிப்பு ஒன்று உண்டு. அதனை வெளியிடும் நிறுவனமே பயிற்சி நூல்களையும் பயிற்சிக் காட்சிகளையும் விலையின்றி வழங்குகிறது. அத்தகைய நூல் கிடைக்கும்போது விலை கொடுத்து வேறொன்றை வாங்க வேண்டுவதில்லை.

கலை நூலின் இயல்பு வேறு. கேரல் ரைஸ் என்பார் எழுதிய ‘படத்தொகுப்பு நுட்பம்’ என்னும் ஆங்கில நூல் 1953-இல் வெளிவந்தது. அக்காலத்தில் படச்சுருளை வெட்டிப் பசையால் ஒட்டினர். அம்முறை இன்று வழக்கிழந்துவிட்டது, நூலோ வழக்கிழக்கவில்லை. சிறந்த படங்களின் காட்சிகளை ஒவ்வொரு வெட்டாக எடுத்துக்கொண்டு, இன்ன இடத்தில் வெட்டியது ஏன் என்று அது ஆராய்கிறது. அவ்வாராய்ச்சி எந்தக் கருவிக்கும் பொருந்தும்.

வால்டர் மர்ச் என்னும் அமெரிக்கப் படத்தொகுப்பாளர் 1988-இல் ஆஸ்திரேலியாவில் ஆற்றிய சொற்பொழிவிலிருந்து உருவானது, ‘கண்ணிமைக்கும் நேரத்தில்’ என்னும் பொருளுடைய சிறுநூல். நல்ல வெட்டுக்கு வேண்டிய ஆறு இயல்புகளை அவர் வரிசைப்படுத்துகிறார். அவற்றுள் உணர்ச்சிக்கே முதலிடம் தந்து, நூற்றுக்கு 51 பங்கு மதிப்பும் அளிக்கிறார். ஏனைய ஐந்தும் சேர்ந்தாலும் உணர்ச்சிக்கு ஈடாகா என்பது அவர் கருத்து. அந்நூலின் 2001-ஆம் ஆண்டுப் பதிப்பில் கணினித் தொகுப்பைப் பற்றிய பகுதியை அவர் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. அத்திருத்தமும் இன்று பழையதாகிவிட்டது. உணர்ச்சியைப் பற்றிய பகுதியோ இன்றும் புதுமை குன்றாமல் விளங்குகிறது. கருவி அறிவுக்கும் கலை அறிவுக்கும் உள்ள வேறுபாட்டை அந்த ஒரு நூலுக்குள்ளேயே காணலாம்.

நூலின் நன்மை தீமைகளை அறியத் தமிழரிடம் பழமையான அளவுகோல் ஒன்று உண்டு. பவணந்தி முனிவர் தம் நன்னூலில் நூலுக்குரிய குற்றங்கள் பத்தையும் அழகுகள் பத்தையும் வகுத்துள்ளார். அந்த அளவுகோல் இன்றைய மென்பொருள் நூலுக்கும் பொருந்துவது வியப்பன்றோ? ‘இப்பொத்தானை அழுத்துக’ என்று கூறி, ஏன் என்று கூறாது விடும் நூல் குன்றக் கூறல் என்னும் குற்றமுடையது. தொடக்க நிலை மாணவனுக்கு, அவன் ஒருநாளும் பயன்படுத்தாத கட்டளைகளை எல்லாம் அடுக்கும் நூல் மிகைபடக் கூறல் என்னும் குற்றமுடையது. எளிய பாடத்திலிருந்து அரிய பாடத்திற்குப் படிப்படியாக அழைத்துச் செல்லும் நூலில் முறையின் வைப்பு என்னும் அழகு உண்டு.

இவ்வளவுகோலைக் கொண்டு நூலை ஆராயக் கடைக்கு முன் நூலகம் செல்லுதல் வேண்டும். நாகர்கோவிலில் மாவட்ட மைய நூலகம் உள்ளது. சென்னையில் கன்னிமாரா நூலகமும் 2010-இல் திறக்கப்பட்ட அண்ணா நூற்றாண்டு நூலகமும் உள்ளன. நூலின் பொருளடக்கத்தைப் பார்த்து, இடையில் பத்துப் பக்கங்களைப் படித்தால் அதன் தரம் விளங்கும். இத்துறை நூல்களுள் பெரும்பாலன ஆங்கிலத்தில் இருத்தலின், புதிய கலைச்சொற்களைத் தமிழ் விளக்கத்துடன் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருதல் நலம். தொடக்கத்தில் கருவி நூல் ஒன்றும் கலை நூல் ஒன்றும் போதும்.

எனினும், ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது. படித்ததை உடனே செய்து பார்த்தல் வேண்டும். தோவாளைப் பூச்சந்தையில், குவிந்த பூக்கள், பூத்தொடுக்கும் விரல்கள், விலை கேட்போர் முகம் ஆகிய மூன்று காட்சிகளைக் கைப்பேசியில் எடுத்துக்கொண்டு, அவற்றை மூன்று வெவ்வேறு வரிசைகளில் மாணவன் இணைத்துப் பார்க்கலாம். ஒரு வரிசையில் உழைப்பும், மற்றொன்றில் வாணிகமும், வேறொன்றில் ஏக்கமும் தோன்றுவதைக் காண்பான். நூல் கூறிய உண்மை அப்பொழுது அவனுடைய உண்மையாகிவிடும்.

கருவிகள் ஆண்டுதோறும் மாறும். மனித உணர்ச்சி மாறாது. மாறுவதைக் கற்க அவ்வப்போது புதிய நூலை நாடுக. மாறாததைக் கற்க நல்ல நூலொன்றைப் பன்முறை பயில்க. டேனியல் தம் உடைமையெல்லாம் இழந்து தேடிய அறிவு, இன்று நூலகத்தின் அலமாரியில் காத்திருக்கிறது. அதனைத் தேர்ந்தெடுத்துப் போற்றுவது இளைஞர் கடமையாகும்.