கரும்புக் காட்டு ஓவியர்

மொன்றியலில் ஷெர்ப்ரூக் தெருவில் இருக்கும் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 2008இல் கியூபாவிலிருந்து ஒரு பிரம்மாண்ட ஓவியம் வந்தது. ஏறத்தாழ நூறு பேர் 1967 ஜூலையில், ஹவானாவில், ஒரே இரவில் கூடி வரைந்தது அது. சுருள் சுருளாக விரியும் அந்த ஓவியத்தின் நடுப்பகுதி விஃப்ரெடோ லாமுடையது.

யார் இந்த லாம்? 1902இல் கியூபாவின் சகுவா லா கிராண்டேயில் பிறந்தவர். அப்பா சீனர், அம்மா வழியில் ஆப்பிரிக்க, ஸ்பானிய இரத்தம். மாட்ரிட்டில் ஓவியம் படித்தார், ஸ்பானிய உள்நாட்டுப் போரில் குடியரசின் பக்கம் நின்றார், பாரிஸ் போய்ப் பிக்காசோவின் நண்பரானார். 1941இல் நாஜிகளுக்குத் தப்பி மார்சேயில் கப்பலேறி, மார்ட்டினிக் வழியாக ஊர் திரும்பினார்.

திரும்பியவர் 1943இல் வரைந்ததுதான் 'காடு'. பெயர்தான் காடு, உற்றுப் பார்த்தால் கரும்புத் தோட்டம்! கரும்போடு கரும்பாக நிற்கும் உருவங்களுக்குப் பிறை நிலா போன்ற முகங்கள், பெரிய பெரிய பாதங்கள். அடிமைகளின் வியர்வையில் விளைந்த கரும்பல்லவா? மார்ட்டினிக்கின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்களும் கப்பலேறிப் போனவர்கள்தானே.

நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அந்த ஓவியத்தை 1945இல் வாங்கியது. ஆனால் மாட்டி வைத்தது எங்கே தெரியுமா? நெடுங்காலம், வருவோர் மேலங்கியைக் கழற்றிக் கொடுக்கும் அறைக்குப் பக்கத்தில்!

லாம் 1982இல் பாரிஸில் காலமானார்.