காற்றில் ஓடும் பழைய கார்

ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் வட முனையைத் தாண்டிக் கடலுக்குள் போனால் ஆர்க்னித் தீவுகள். சுமார் எழுபது தீவுகள். அவற்றில் இருபதில்தான் ஆட்கள் வசிக்கிறார்கள். எல்லாத் தீவிலும் சேர்த்து 22,000 பேர். ஓராண்டில் இவர்கள் செலவழிப்பதைவிட அதிகமான மின்சாரத்தை 2013 முதல் இங்கே தயாரிக்கிறார்கள், பெரும்பகுதி காற்றாலைகளிலிருந்து. மிஞ்சுவதை ஸ்காட்லாந்துப் பெருநிலத்துக்கு அனுப்பக் கடலுக்கடியில் கேபிள்கள் உண்டு. காற்று பலமாக வீசும் நாட்களில் கேபிள் தாங்காது என்பதால், நன்றாகச் சுழலும் காற்றாலையை நிறுத்திவைக்கிறார்கள். பெட்ரோலோ கப்பலில் வந்தாக வேண்டும். இப்படிப்பட்ட ஊரில், மற்ற இடங்களில் விலை இறங்கிப்போன பழைய நிஸான் லீஃப் மின்காருக்கு மறுவாழ்வு கிடைத்திருக்கிறது. அது ஏன் என்று தேடிப்போனால், பேட்டரியின் வேதியியல் வரை போக வேண்டியிருக்கிறது.

லீஃப் 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்தது. முதல் கார்களில் 24 யூனிட் பேட்டரி. நம் வீட்டு மின்கட்டண அட்டையில் வரும் அதே யூனிட்தான். அமெரிக்க அரசின் சோதனைக் கணக்கில் ஒரு சார்ஜுக்கு 117 கி.மீ. வயதாகிப் பேட்டரி 30 சதவீதம் இழந்துவிட்டால் 80 கி.மீ.தான் மிஞ்சும். லண்டன்காரருக்கு இது எந்த மூலைக்கு? ஆனால் ஆர்க்னியின் பெரிய ஊரான கிர்க்வாலிலிருந்து அடுத்த பெரிய ஊரான ஸ்ட்ரோம்னஸுக்கு 25 கி.மீ. சாலை சீக்கிரமே கடலில் போய் முடிந்துவிடும் ஊரில், காரின் தூரக்குறை பெரிய குறையாக இருப்பதில்லை.

காரின் தரைக்கடியில் ஏறத்தாழ 300 கிலோ எடையில் படுத்திருக்கிறது அந்தப் பேட்டரி. உள்ளே 48 உலோகப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள். ஒரு செல்லின் நீள அகலம் ஏறத்தாழ ஏ4 தாள் அளவு, தடிமன் 7 மி.மீ. மொத்தம் 192 செல்களை இரண்டிரண்டாகச் சேர்த்து 96 ஜோடிகளாக்கி, அத்தனையையும் ஒரே வரிசையில் கோத்திருக்கிறார்கள். ஜோடிக்கு 3.75 வோல்ட் என்றால் வரிசைக்கு 360 வோல்ட். ஒரே வரிசை என்பதில் ஒரு கண்டிப்பு இருக்கிறது. மின்சாரம் எல்லா ஜோடிகளையும் கடந்தே வர வேண்டும். ஒரு ஜோடி முதலில் காலியானால், மற்ற 95-லும் சார்ஜ் மீதம் இருந்தும் கார் நின்றாக வேண்டும்.

செல்லுக்குள் நடப்பது இன்னும் விசேஷம். சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள், அதாவது ஓர் எலெக்ட்ரானை இழந்த லித்தியம் அணுக்கள், ஒரு முனையிலிருந்து புறப்பட்டு மறுமுனையில் உள்ள கிராஃபைட் அடுக்குகளுக்கு இடையே போய் உட்காருகின்றன. கார் ஓடும்போது திரும்பி வருகின்றன. தொழிற்சாலையில் முதன்முதலாகச் சார்ஜ் ஏற்றும்போதே கிராஃபைட்டின் மேல் ஒரு படலம் படிந்துவிடுகிறது. புதுத் தோசைக்கல்லைப் பழக்கும்போது எண்ணெய் படிந்து உண்டாகும் பூச்சைப் போன்றது அது. அந்தப் பூச்சு இருந்தால்தான் கல் வேலைக்கு ஆகும். படலத்தின் தடிமனோ ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்கிலிருந்து பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குள் அடங்கும். மிதமிஞ்சிய ரசாயனச் சிதைவிலிருந்து செல்லைக் காப்பது இதுதான். செல்லை மெல்ல மூப்படைய வைப்பதும் இதுதான். படலம் வளர்வதை நிறுத்துவதே இல்லை. வளர்வதற்கு லித்தியத்தையே தின்கிறது. கார் ஓடாமல் கொட்டகையில் நின்றாலும் தின்னும்.

ஆனால் சூடு இருந்தால்தான் இதற்கு வேகம். வெப்பம் 10 டிகிரி கூடினால் ரசாயன வினையின் வேகம் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது பொதுக்கணக்கு. லீஃப் பேட்டரியைக் குளிர்விக்கத் திரவக் குழாயும் கிடையாது, விசிறியும் கிடையாது. அதனால்தான் 2012-லேயே அமெரிக்காவின் அரிசோனா வெயிலில் கார் வைத்திருந்தவர்கள் பேட்டரி சுருங்குவதாகப் புகார் சொன்னார்கள். ஆர்க்னியில் ஜூலை மாதச் சராசரியே 13 டிகிரிதான். சென்னையின் டிசம்பர் இரவுகள்கூட அவ்வளவு குளிராக இருப்பதில்லை. குளிரூட்டி இல்லாத பேட்டரிக்கு இயற்கையே குளிரூட்டியாக நிற்கிறது. ஆகவே பழைய லீஃப் வாங்கும்போது ஆண்டைக் கேட்பதோடு, அது எந்த ஊர் வெயிலில் நின்றது என்றும் கேட்க வேண்டும்.

பேட்டரியின் நலத்தை முகப்புத் திரையில் 12 கோடுகள் காட்டும். இங்கே ஒரு சூட்சுமம். முதல் கோடு மறைய 15 சதவீதம் போக வேண்டும். அதன் பிறகு ஒவ்வொரு கோட்டுக்கும் 6.25 சதவீதம். 11 கோடு என்றதும் பன்னிரண்டில் ஒரு பங்குதான் போயிற்று என்று நினைத்துவிடக் கூடாது. 15 முதல் 21 சதவீதம் வரை போயிருக்கும். பேட்டரிக் கணினியை ரீசெட் செய்தால் சில காலத்துக்குப் பொய்யாக 12 கோடும் தெரியும். எனவே கோடுகளை மட்டும் நம்பி நான் காசு கொடுக்க மாட்டேன்.

உண்மையைப் பார்க்க வேறு வழி இருக்கிறது. ஸ்டியரிங்குக்குக் கீழே மெக்கானிக்குகள் பயன்படுத்தும் சோதனை சாக்கெட் ஒன்று உண்டு. அதில் தீப்பெட்டி அளவுக் கருவியைச் செருகி, போனில் 'லீஃப் ஸ்பை' செயலியைத் திறந்தால் 96 ஜோடிகளும் 96 குச்சிகளாக வரிசைகட்டி நிற்கும். எல்லாக் குச்சிகளும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் நல்ல பேட்டரி. அந்த நிலையிலேயே கொஞ்ச தூரம் ஓட்டி, ஒரு மேட்டில் அழுத்தி ஏறுங்கள். ஏதாவது ஒரு குச்சி மட்டும் தனியாகக் குட்டையானால் வரிசையை நிறுத்தப்போகும் பலவீனமான ஜோடி அதுதான். சிகிச்சையும் உண்டு. பேட்டரியைப் பிரித்து, அந்த ஜோடி இருக்கும் பெட்டியை மட்டும் கழற்றி மாற்றலாம்.

ஆர்க்னியில் கவனிக்க வேண்டியவை வேறு சிலவும் இருக்கின்றன. முதலாவது, காற்று. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் காருக்கு எதிராக 40 கி.மீ. வேகத்தில் காற்று அடித்தால், காரைப் பொறுத்தவரை காற்றின் வேகம் 120. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும் என்பதால், ஒன்றரை மடங்கு வேகத்துக்கு எதிர்ப்பு இரண்டேகால் மடங்கு. காற்றாலைக்குக் கொண்டாட்டமான அதே நாளில் காருக்குத் திண்டாட்டம். எதிர்காற்றில் வேகத்தைக் குறைப்பதுதான் தூரத்தைக் காப்பாற்றும் வழி.

இரண்டாவது, கதகதப்பு. பெட்ரோல் இன்ஜின் எரிபொருளில் பெரும்பகுதியைச் சூடாகவே வீணாக்குகிறது; அந்த வீணே காருக்குள் கணப்பாகிறது. மின்மோட்டார் அவ்வளவு வீணாக்காது என்பதால் ஹீட்டருக்குப் பேட்டரிதான் படியளக்க வேண்டும். 2013 முதல் சில லீஃப்களில் 'வெப்ப ஏற்றி' வந்தது. நம் ஏ.சி.யைத் திருப்பிப் போட்டதுபோல், வெளிக்குளிரில் மிச்சமிருக்கும் வெப்பத்தையும் உறிஞ்சி உள்ளே தள்ளும் கருவி. ஆர்க்னியின் ஜனவரிச் சராசரி 4, 5 டிகிரி. கடுங்குளிரில் திணறும் இந்தக் கருவி அந்த அளவுக் குளிரில் நன்றாகவே வேலை செய்யும்.

மூன்றாவது, பிரேக். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் மோட்டார் ஜெனரேட்டராக மாறி, ஓட்டத்தை மீண்டும் மின்சாரமாக்கிக்கொள்கிறது. அதனால் பிரேக் தட்டுகளுக்கு வேலை குறைவு. இதிலும் ஒரு சிக்கல்: உரசாத தட்டு துருப்பிடிக்கும். இரண்டாம் உலகப் போரின்போது கட்டிய சர்ச்சில் தடுப்புகள் என்ற கடற்பாலச் சாலைகள்தான் தெற்குத் தீவுகள் சிலவற்றை இணைக்கின்றன. புயல் நாட்களில் அலை சாலை மேலேயே ஏறி விழும்; அந்த உப்புநீர் துருவை இன்னும் வேகப்படுத்தும். சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பாருங்கள். தட்டு பளபளக்க வேண்டும். பழுப்புத் திட்டுகள் தெரிந்தால் செலவு இருக்கிறது.

இத்தனைக்கும் பிறகு இந்த வண்டியைப் பரிந்துரைக்க எனக்கு ஒரே கணக்கு போதும். ஷாபின்ஸே, வெஸ்ட்ரே போன்ற தீவுகளில் ஊர்மக்களே நிறுவிய 900 கிலோவாட் காற்றாலைகள் இருக்கின்றன. ஒன்று முழு வீச்சில் ஒரு மணி நேரம் சுழன்றால் 900 யூனிட். லீஃப் ஒரு யூனிட்டில் ஏறத்தாழ 5 கி.மீ. ஓடும். ஆக 4,500 கி.மீ. நாளுக்கு 30 கி.மீ. ஓட்டுபவருக்கு, ஒரு மணி நேரக் காற்று ஐந்து மாதத்துக்குப் போதும்.

தீவில் நாளுக்கு 40 கி.மீ.க்குள் ஓட்டுபவர், குச்சிகள் சமமாக நிற்கும் பழைய லீஃபைத் தயங்காமல் வாங்கலாம். அதற்குமேல் ஓட்டுபவர் 40 யூனிட் பேட்டரியோடு வந்த அடுத்த தலைமுறை லீஃபைத் தேடுவது நல்லது.