லாஸ்பேட்டையிலிருந்து காலாப்பட்டுக்கு

கம்யூனிட்டி காலேஜில் படித்த பிள்ளை பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர முடியுமா? கிருமாம்பாக்கம் பக்கம் பிள்ளையைப் படிக்க வைக்கிறவர்கள் கேட்டால், முடியும் என்றுதான் சொல்வேன். எப்படி என்பதை ஒரு டீக்குள் சொல்லிவிட முடியாது. இன்னொன்று போடச் சொல்லுங்கள், நிதானமாகப் பார்க்கலாம்.

புதுவைப் பல்கலைக்கழகம் 1995இல் தொடங்கி, லாஸ்பேட்டையில் நடத்திவருகிற சமுதாயக் கல்லூரிதான் நாட்டில் இந்த வகையில் முதலாவது. யோசனை அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே கலிஃபோர்னியா மாநிலம் 1960இல் போட்ட உயர்கல்வித் திட்டத்தில், சமுதாயக் கல்லூரியில் இரண்டு வருஷம் படித்த மாணவரைப் பல்கலைக்கழகம் மூன்றாம் ஆண்டில் சேர்த்துக்கொள்வதும் ஒரு பகுதி. நம் ஊருக்கு வந்தபோது தொழில் பயிற்சி வந்தது, பல்கலைக்கழகத்துக்கு மாறும் அந்த வழி கூடவே வரவில்லை. தொழில் கற்று வேலைக்குப் போவது நல்ல விஷயம். சுற்றுலா படிக்கிற பெண்ணுக்கு இரண்டாம் வருஷத்தில் வரலாற்றின் மேல் ஆசை வந்தால் அவள் எங்கே போவாள் என்பதைத்தான் யாரும் யோசித்து வைக்கவில்லை.

இப்போது அவளுக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன. முதல் வழி, பி.வோக். என்கிற தொழில்கல்விப் பட்டத்தை முழுசாக முடித்துவிட்டு எம்.ஏ.வுக்குப் போவது. பி.வோக். மூன்று வருஷப் படிப்பு. ஒரு வருஷத்தோடு நின்றால் டிப்ளமா, இரண்டு வருஷத்தோடு நின்றால் அட்வான்ஸ்டு டிப்ளமா, மூன்றையும் முடித்தால் இளநிலைப் பட்டம். 'ஏதேனும் ஒரு இளநிலைப் பட்டம்' என்று தகுதி கேட்கிற முதுகலைப் படிப்புகளுக்கு இந்தப் பட்டமும் செல்லும் என்று பல்கலைக்கழக மானியக் குழு தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அப்படிக் கேட்கிற துறைகள் அறிவியலைவிடக் கலை, சமூக அறிவியல் பக்கம்தான் அதிகம். 2024இல் மானியக் குழு வெளியிட்ட முதுநிலைப் பாடத்திட்டச் சட்டகம் இன்னும் ஒரு படி மேலே போய், நுழைவுத் தேர்வில் தேறினால் இளநிலையில் என்ன படித்திருந்தாலும் வேறு துறைக்கு மாறலாம் என்கிறது. ஆனாலும் ஒவ்வொரு துறையும் தன் தகுதியைச் சேர்க்கைக் கையேட்டில் தனியாக எழுதியிருக்கும். அந்தப் பக்கத்தைப் படிக்காமல் பணம் கட்டாதீர்கள்.

இரண்டாவது வழி, பாதியில் மாறி பி.ஏ.வுக்குப் போவது. இது கடினம். பி.வோக்.கில் வருஷத்துக்கு 60 கிரெடிட். அதில் 36 தொழில் திறனுக்கு, 24 பொதுப்பாடத்துக்கு. வரலாற்றுத் துறை கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடியது பெரும்பாலும் இந்த 24இல் உள்ள மொழிப்பாடமும் மற்றப் பொதுப்பாடங்களும்தான். 2021 விதிகளின்படி வந்த 'அகாடமிக் பேங்க் ஆஃப் கிரெடிட்ஸ்' கணக்கில் இவற்றை ஏழு வருஷம் வரை சேர்த்து வைக்கலாம். ஆனால் சேர்த்து வைப்பது வேறு, ஏற்றுக்கொள்வது வேறு. ஏற்க வேண்டியது சேரப்போகிற கல்லூரி. ஆகவே ஏற்றுக்கொள்வதை எழுத்தில் வாங்காமல் இருக்கிற இடத்தை விட்டுவிடக் கூடாது. என்னைக் கேட்டால், மூன்று வருஷத்தையும் முடித்துவிட்டு மாறுவதே நல்லது.

"பிள்ளை வரலாறெல்லாம் படித்து என்ன செய்யும்?" என்ற கேள்விக்குப் பதில் பக்கத்திலேயே இருக்கிறது. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்துச் செப்பேடுகள் பாகூரில் கிடைத்தன. 9ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. அங்கே இருந்த ஒரு கல்விச்சாலைக்கு மூன்று ஊர்களைக் கொடையாகக் கொடுத்த செய்தி அவற்றில் இருக்கிறது. நம் பாகூர் கொம்யூனிலேயே ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் உயர்கல்வி நடந்திருக்கிறது, அதை நடத்த ஊர்களின் வருமானம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தச் செப்பேட்டைப் படிக்கத் தமிழும் வடமொழியும் வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கிற சைவ ஓலைச்சுவடிகள் 2005இல் யுனெஸ்கோ பதிவேட்டில் ஏறின. அவற்றைப் படிக்கவும் ஆள் வேண்டும். பாகூர்ப் பிள்ளை ஒருத்தி அந்த மேசையில் உட்கார வேண்டும் என்பது என் ஆசை.

இனி நுழைவுத் தேர்வு. காலாப்பட்டில் இருக்கிற புதுவைப் பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர க்யூட் பி.ஜி. என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 75 கேள்விகள். சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறான விடைக்கு 1 குறையும். மொழிப்பாடங்கள் தவிர மற்றத் தாள்கள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான் வரும். தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது பெரிய சுமை, அநியாயமும்கூட. தெரிந்த விஷயத்துக்கே கேள்வி புரியாமல் மதிப்பெண் போய்விடும். பழைய கேள்வித்தாள்களை எடுத்து ஒரு வருஷம் முன்னதாகவே பழக்க வேண்டும். இன்னொன்று, க்யூட் மதிப்பெண் வந்துவிட்டால் இடம் தானாக வந்துவிடாது. பல்கலைக்கழகத்தின் தளத்தில் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். இதைத் தெரியாமலே வாய்ப்பை இழக்கிறவர்கள் உண்டு. சில படிப்புகளில் புதுச்சேரிப் பிள்ளைகளுக்கு 25 விழுக்காடு இடம் இருக்கிறது. எல்லாப் படிப்புக்கும் வேண்டும் என்பது இங்கே நெடுநாள் கோரிக்கை. காலாப்பட்டு கிடைக்காவிட்டால் லாஸ்பேட்டையிலேயே காஞ்சி மாமுனிவர் அரசு முதுநிலை நிறுவனம் இருக்கிறது.

இடம் கிடைத்த பிறகுதான் உண்மையான சிரமம். தொழில் படிப்பில் ரெக்கார்டு நோட்டும் குறுவிடையும் எழுதிப் பழகிய கை, எம்.ஏ.வில் பத்துப் பக்கக் கட்டுரை எழுத வேண்டும். நாற்பது பக்கம் படித்துவிட்டு, ஆசிரியர் சொல்வதில் எது சரி, எது சரியில்லை என்று வகுப்பில் பேச வேண்டும். இதற்கு விதி எதுவும் உதவாது, மனுஷர்தான் உதவ வேண்டும். கிருமாம்பாக்கத்திலும் பாகூரிலும் எம்.ஏ. முடித்தவர்களும் ஓய்வு பெற்ற ஆசிரியர்களும் இருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். வாரம் ஒரு கட்டுரையைச் சேர்ந்து படித்து, பிள்ளை இரண்டு பக்கம் எழுதி வர, சிவப்பு மையில் திருத்திக் கொடுங்கள். இரண்டாம் வருஷத்திலேயே ஆரம்பித்தால் தேர்வுக்கும் உதவும். கடைசியாக ஒன்று: விண்ணப்பம் திறக்குமுன் ஆதாரிலும் மார்க் ஷீட்டிலும் பெயரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இல்லையென்றால் உடனே திருத்தக் கொடுங்கள்.