பூசைக்கும் சங்கத்துக்கும் பகையா?

தோட்டத் தொழிலாளத் தோழர்களே!

அண்மையில் பேராக் மாநிலத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றில் கிளைக் கூட்டத்திற்குப் போயிருந்தோம். கூட்டம் முடிந்து மோட்டார் சைக்கிளை எடுக்கும் நேரத்தில் கடைசி லயத்து அம்மா ஒருவர் வழிமறித்தார். கழுத்தில் செபமாலை. அந்தக் காலத்தில் நம் தாயாரோடு பால்மரம் வெட்டியவர்.

"ஏம்ப்பா, ஒங்க சங்கத்துல சேர்ந்தா கோயிலுக்குப் போகக் கூடாதுன்னு சட்டமா?"

"அப்படி ஒன்னுமில்லையே அத்தை. ஏன் கேக்குறீங்க?"

"எம்மவன் மூனு மாசமா பூசைக்கு வரல. கேட்டா, பொறுமை சோறு போடுமாங்கிறான். ஒங்ககிட்ட கத்துக்கிட்ட பேச்சுதானே இது?"

நமக்குச் சுருக்கென்றது. அந்தப் பேச்சு நம்முடையதுதான். போன கூட்டத்தில் கைதட்டலுக்காக நாம்தான் அப்படிப் பேசினோம்.

மகனைக் கூப்பிட்டு விசாரித்தோம். குலை வெட்டும் பிள்ளை. குலைக் கணக்கில் சம்பளம்.

"ஞாயித்துக்கிழமைதாண்ணே எங்க தோட்டத்துல ஓய்வு நாளு. பழம் கூடிப்போச்சு, ஆள் பத்தலன்னு மூனு மாசமா ஞாயித்துக்கிழமையும் கூப்புடுறாங்க. போகலன்னா மண்டோர் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிறாரு. காசு மட்டும் அன்னாடக் கணக்குதான். உபதேசியார்கிட்ட சொன்னேன். பொறுமையா இரு, ஆண்டவர் பாத்துக்குவாருன்னாரு. அதோட கோயிலே வெறுத்துப்போச்சு."

பார்த்தீர்களா தோழர்களே! பிள்ளையைக் கோயிலிலிருந்து முதலில் பிரித்தது சங்கமல்ல, ஞாயிற்றுக்கிழமைக் குலை! அதற்குமேல் உபதேசியாரின் வார்த்தையும் நம்முடைய வார்த்தையும் அவனைத் தள்ளி நிறுத்திவிட்டன.

சட்டம் என்ன சொல்கிறது? 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி வாரத்தில் ஒரு முழுநாள் ஓய்வு உண்டு. சட்டமே சொல்லும் சில அவசரங்கள் தவிர, அந்த நாளில் வேலைக்கு வரும்படி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. குலைக் கணக்கில் கூலி வாங்குகிறவர் ஓய்வு நாளில் வேலை செய்தால், ஒவ்வொரு குலைக்கும் வழக்கமான கூலியைப் போல இரண்டு பங்கு கொடுக்க வேண்டும். சங்கத்தில் சேரும் உரிமையைத் தடுக்கும் வேலை ஒப்பந்தமும் செல்லாது.

அன்று மாலை மாதா கோயில் திண்ணையில் தாயும் மகனும் உபதேசியாரும் நாமுமாக உட்கார்ந்தோம். நாம் மாரியம்மன் கோயில் திருவிழாவில் கரகம் தூக்கி வளர்ந்தவர்கள். வேதத்தைப் பற்றி உபதேசியாருக்குச் சொல்லும் தகுதி நமக்கில்லை. ஆனால் தொழிலாளர் சரித்திரம் படிக்கும்போது தெரிந்துகொண்ட சில செய்திகளைச் சொன்னோம்.

1891ஆம் ஆண்டு மே 15ஆம் தேதி, போப்பாண்டவர் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் நிலை பற்றி 'ரேரும் நோவாரும்' என்ற மடலை வெளியிட்டார். ஐரோப்பாவின் ஆலைகளும் சுரங்கங்களும் மனிதரைப் பிழிந்துகொண்டிருந்த காலம் அது. முதலாளியும் தொழிலாளியும் ஒத்துக்கொண்ட கூலி என்பதால் மட்டும் அது நியாயமாகிவிடாது. சிக்கனமாக வாழும் தொழிலாளியின் பிழைப்புக்கு அது போதுமானதாக இருக்க வேண்டும் என்றார். தொழிலாளர் சங்கம் அமைப்பது மனிதனின் இயற்கை உரிமை என்றார். ஞாயிறு ஓய்வு வேண்டும் என்றும் வலியுறுத்தினார். பொதுவுடைமையை ஏற்காதவர்தான் அவர். அவரே சங்கம் வேண்டாம் என்று சொல்லவில்லை!

பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் என்ற குரு இருந்தார். அவர் குருமடத்திலிருந்து விடுமுறைக்கு வந்தபோது, ஆலை வேலைக்குப் போய்விட்ட பழைய பள்ளித் தோழர்கள் அவரை முதலாளி பக்கத்து ஆளாகப் பார்த்து ஒதுங்கினார்கள். அந்த வேதனையை அவர் மறக்கவில்லை. 1925இல் கிறிஸ்தவ இளந்தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கினார். பார், ஆராய், செய் என்பதே அவர் காட்டிய வழி. பிற்காலத்தில், 1965இல், திருச்சபை அவரைக் கர்தினாலாக உயர்த்தியது.

1955இல் பன்னிரண்டாம் பத்திநாதர், மே முதல் நாளைத் தொழிலாளரான சூசையப்பரின் திருநாளாக்கினார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய போப்பாண்டவர், அந்தப் பழைய லியோவின் மடலை நினைத்தே பதினான்காம் லியோ என்று பெயர் வைத்துக்கொண்டதாகச் சொன்னார். செயற்கை நுண்ணறிவு வந்துள்ள இக்காலத்திலும் மனித மாண்பையும் நீதியையும் உழைப்பையும் காக்க வேண்டும் என்பது அவர் கவலை.

உபதேசியார் வெகு நேரம் பேசவில்லை. பிறகு மெல்லச் சொன்னார்:

"எங்கப்பா காலத்துல எதுத்துக் கேட்டா லயத்து வீட்டக் காலி பண்ணச் சொல்லிடுவாங்க தம்பி. பெட்டி படுக்கையோட ரோட்டுல நின்ன குடும்பத்தக் கண்ணால பாத்தவன் நான். அந்தப் பயம் இன்னும் போகல. பயத்துக்குத்தான் பொறுமைன்னு பேரு வச்சிட்டேன் போலிருக்கு."

தோழர்களே, அந்தப் பெரியவரைக் குறை சொல்ல நமக்கு வாய் வரவில்லை. அவர் பயத்திற்குப் பொறுமை என்று பேர் வைத்தார். நாமோ அந்தத் தாயின் நம்பிக்கைக்குச் சோம்பல் என்று பேர் வைத்தோம். இரண்டும் பிழை. பொறுமை என்பது பிள்ளை நோயில் கிடக்கும்போது விடிய விடிய விழித்திருக்கும் தாயின் குணம். திருடு போனதைக் கண்டும் வாயைப் பொத்திக்கொள்வது பொறுமையாகாது.

மகன் இன்னொன்று கேட்டான். "எங்க கூட வங்காளதேசத்துப் பையனுங்களும் வெட்டுறாங்கண்ணே. அவுங்களுக்கும் இதே கணக்குதான். அவுங்க பேரையும் எழுதணுமா?"

நாம் வாயைத் திறக்குமுன் உபதேசியார் முந்திக்கொண்டார். "எழுது தம்பி. அடிபட்டுக் கிடந்தவனத் தூக்குன சமாரியன், நீ என்ன சாதி, என்ன வேதம்னு கேட்டா தூக்குனான்?"

சட்டமும் அதையே சொல்கிறது. வெளிநாட்டுத் தொழிலாளிக்கும் இதே ஓய்வு நாள்தான், இதே இரட்டைக் கூலிதான். அவர்களை மலிவாக வேலை வாங்க விட்டால் நாளை நமது கூலியும் மலிவாகும்.

சம்பளச் சீட்டுகளை எடுத்து எண்ணிப் பார்த்ததில் பதினோரு ஞாயிறு தேறியது. வங்காளதேசத்துப் பையன்களையும் கேட்டு, அவர்கள் பெயரும் சேர்த்து மனு எழுதினோம். மறுநாள் ஆபீசுக்குப் போனபோது, வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்ட உபதேசியார் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தாமே முன்னால் நடந்தார். கணக்குப் பார்த்துச் சொல்வதாக நிர்வாகம் கூறியிருக்கிறது. சொல்லாவிட்டால் தொழிலாளர் இலாகா இருக்கிறது.

அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை வேலைக்குப் போகவில்லை. தாயாரை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பூசைக்குப் போனானாம். அத்தை போன் போட்டுச் சொன்னார். நம்மை மன்னித்துவிட்டதாகவும் சொன்னார்!

நீங்களும் இந்த மாதச் சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள். ஓய்வு நாளில் வெட்டிய குலைக்கு என்ன கணக்குப் போட்டிருக்கிறார்கள்? சீட்டைத் தூக்கி எறியாதீர்கள். கணக்குப் புரியாவிட்டால் கிளைச் செயலாளரிடம் கொண்டு வாருங்கள். மாரியம்மனைக் கும்பிடுகிறவரும் வரலாம், மாதாவைக் கும்பிடுகிறவரும் வரலாம், தொழுகைக்குப் போகிறவரும் வரலாம். வியர்வைக்கு ஏது மதம்?