கஞ்சாச் செடியும் வலிப்பு நோயும்



வலிப்பு நோயாளி உள்ள வீடுகளில் 'கன்னாபிடியால்' என்ற பெயரைச் சொன்னால் நாம் கேட்பது இரண்டு. "ஐயோ, கஞ்சாவா!" என்பது ஒன்று. "மூலிகைதானே, மாத்திரையை நிறுத்திவிடலாமா?" என்பது மற்றொன்று.

கஞ்சாச் செடியிலிருந்து எடுக்கப்பட்டாலும் இது போதை தருவதில்லை. போதை தருவது அச்செடியிலுள்ள வேறொரு பொருள். மருந்துகளுக்குக் கட்டுப்படாத சிலவகை வலிப்புகளுக்கு, பழைய மாத்திரைகளோடு சேர்த்தே இது தரப்படுகிறது. 2018-இல் அமெரிக்கா இதை அனுமதித்தது.

டிராவே என்னும் கடுமையான வலிப்பு நோயுள்ள 120 பிள்ளைகளிடம் நடந்த ஆய்வு 2017-இல் வெளியானது. மருந்து பெற்றோரில் 100-க்கு 5 பேருக்கே வலிப்பு முற்றிலும் நின்றது. ஆனால் 62 பேர் தேறியதாக வீட்டார் கூறினர். மருந்தில்லாத வெறும் திரவம் பெற்றவர்களிலும் 34 பேரின் வீட்டார் அப்படியே கூறினர். பெற்ற மனத்தின் ஏக்கம் அத்தகையது! அதை நாம் குறைகூற மாட்டோம். வலிப்பு பாதியாகக் குறைந்தாலே பெரிய ஆறுதல்தானே.

தூக்கக் கலக்கம், வயிற்றுப்போக்கு, கல்லீரல் பாதிப்பு ஆகியவை வரக்கூடும். மாத்திரையைத் திடீரென நிறுத்தினாலோ விடாத வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகும். செல்லூருக்கு அருகிலேயே அரசு இராஜாஜி மருத்துவமனை இருக்கிறது. நரம்பியல் மருத்துவரிடம் போகும்போது, வலிப்பு வந்த நாள்களைக் குறித்த தாளையும் எடுத்துச் செல்லுங்கள்.