மரக்கலத்தின் மறைநோய்

1503ஆம் ஆண்டு யூன் மாதத்திலே கொலம்பஸ் தம்மிடம் எஞ்சியிருந்த இரு கப்பல்களையும் ஜமேக்காத் தீவின் கரையில் ஏற்றி நிறுத்தினார். நான்காவது பயணத்துக்கு அவர் புறப்பட்டபோது நான்கு கப்பல்கள் இருந்தன. புயல் அவற்றை அலைக்கழித்தது உண்மையே. ஆயினும், அக்கரையில் ஓராண்டு காலம் அவரைச் சிறைவைத்த பழியிற் பெரும்பங்கு, பலகைகளை உள்ளிருந்தே தேன்கூடாக்கிவிட்ட ஒரு சிற்றுயிரையே சாரும். கப்பற்புழு என்று அதனை அழைக்கின்றோம்.

பெயர்தான் புழு, இனத்தால் அது நமது களப்புகளிற் பொறுக்கும் மட்டிக்கு உறவு. மட்டியின் உடலை மூடிக் காக்கும் இரண்டு ஓடுகளும் இதற்குத் தலைப்புறத்திலே சிறுத்து, மரத்தை அராவும் அரங்களாகிவிட்டன. கண்ணுக்குப் புலப்படாத குஞ்சுப் பருவத்தில் அது பலகையில் ஒட்டிக்கொள்கின்றது; குண்டூசி குத்தினாற் போன்றதொரு துளையால் உட்புகுகின்றது. அதன்பின் வெளியே வருவதேயில்லை. உள்ளேயே ஓரடிக்கு மேலும் வளர்ந்து, தான் வளரும் அளவுக்குச் சுரங்கத்தையும் வளர்த்துக்கொள்கின்றது. அயற்புழுவின் சுரங்கம் நெருங்குமாயின், அதனை வெட்டாது விலகித் திரும்பிவிடும். இந்த அயலொழுக்கம் மனிதரிடத்திலும் அரிதே! முழுப் பலகையும் உண்ணப்பட்ட பின்னரும் அதன் மேற்பரப்பு வழுவழுப்பாகவே காட்சி தருவது இதனாலேதான். வெப்பக் கடல்களில் இவ்வுயிர் மிகுதி. தோணியை இடையிடையே கரைக்கு இழுத்து வெயிலில் உலரவிடும் வழக்கத்துக்குள்ள பயன்களுள் இப்புழுவைக் கொல்லுதலும் ஒன்று.

பலகையின் உள்நிலையை அறியத் தச்சனிடம் இருந்தவை சுத்தியலும் கூரூசியும் மாத்திரமே. தட்டிப் பார்த்து ஒலியால் நோயறியும் அக்காதுகளை நான் குறைத்து மதிப்பிடேன். நெஞ்சைத் தட்டிப் பார்க்கும் வைத்தியரின் கலையும் அதுதானே. எனினும், வெற்றொலி கேட்பதற்கு உள்ளே வெற்றிடம் பெருகியிருத்தல் வேண்டும். பெருகிய பின்னர் அறிந்து பயன் என்ன? கூரூசியோ நல்ல பலகையிலும் நீர் புகப் புதுவழி திறந்துவிடும்.

1895ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் ஜேர்மனியின் வூர்ஸ்பேர்க் நகரிலே பேராசிரியர் ரொன்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார். மோதிரம் அணிந்த அவர் மனைவியாரின் கையெலும்புப் படத்தை அறியாத மாணவர் இலர். என் பொருளுக்கு வேண்டுவது அவர் எடுத்த வேறொரு படம். மூடிய மரப்பெட்டியொன்றுக்குள் இருந்த தராசுப் படிகள் அப்படத்தில் நிழலாக விழுந்திருந்தன. பெட்டியோ இல்லாதது போலாயிற்று. மனிதர் தம் எலும்பைக் கண்டு வியந்திருந்த வேளையில், மரத்தின் உள்ளத்தையும் இக்கதிர் திறந்துகாட்டும் என்பதற்கு அதுவே முதற் சான்று.

மரம் இவ்வளவு எளிதிற் கதிருக்கு வழிவிடுமாயின், மரத்திலுள்ள துளை மாத்திரம் எவ்வாறு தெளிவாகத் தெரியும் என்று வாசகர் வினவலாம். ஈண்டுப் புழுவே தன்னைக் காட்டிக்கொடுக்கின்றது. தன் சுரங்கச் சுவருக்கு அது சுண்ணாம்பு பூசிக்கொள்கின்றது. எலும்பைப் போலச் சுண்ணாம்பும் கதிரை மறிக்கும். வெளியே ஊசித்துளையன்றி வேறெதுவும் காட்டாத பலகையின் படத்தில், வளைந்து நெளிந்து பின்னிய வெண்கோடுகள் நிறைந்து கிடக்கின்றன. அத்தகைய படமொன்றை முதன்முதலிற் பார்த்தபோது, கரும்பலகையிற் குழந்தையொன்று சுண்ணக்கட்டியாற் கிறுக்கியதாகவே எனக்குத் தோன்றிற்று. மரங்காக்கும் மருந்துகளின் ஆற்றலை அளப்போரும் மருந்தூட்டிய மாதிரிப் பலகைகளைக் கடலில் ஆண்டுக்கணக்கில் தொங்கவிட்டு, இக்கதிராற் படமெடுத்தே புழுவின் சேதத்தைக் கணிக்கின்றனர்.

மாதிரிப் பலகைக்கு இது எளிது. மிதக்கும் கப்பலுக்கு அவ்வாறன்று. ஒருபுறம் கதிர், மறுபுறம் படத்தகடு என இருபுறமும் இடம் வேண்டும். விலாமரங்கள் ஒன்றன்மேலொன்றாக நிழல் விழுத்திக் குழப்பும். கதிரின் திசைக்குக் குறுக்காகக் கிடக்கும் மெல்லிய வெடிப்புப் படத்திற் சிக்காமலே தப்பிவிடும். கதிர் வீசுமிடத்தில் மனிதர் நிற்றலும் தகாது. ஆதலின் உல்லாசப் பாய்மரப் படகுகளிற் குறித்த சில இடங்களுக்கே இச்சோதனை பயன்படுகின்றது. ஏராவுடன் அடிப்பாரத்தைப் பிணைக்கும் மரையாணி அவற்றுள் முக்கியமானது. அதன் தலை பளபளப்பாகவே இருக்கும். மரமும் பாரமும் பொருந்தும் இடுக்கிலே இடை மெலிந்துபோயிருக்கும். பாரம் கழன்றால் படகு கவிழும்.

இக்கதிரின் முழுவல்லமையையும் அறிய விரும்புவோர் சுவீடன் நாட்டின் 'வாசா'க் கப்பலையே நோக்குதல் வேண்டும். 1628ஆம் ஆண்டு ஓகஸ்ட் 10ஆம் நாள், தன் முதற் பயணத்திலேயே ஸ்டொக்ஹோம் துறைமுகத்தில் மூழ்கியது அப்போர்க்கப்பல். பால்டிக் கடலின் நீர் உப்புக் குறைந்தது; கப்பற்புழு அங்கே வாழ இயலாது. ஆகவே பழைய கப்பல்கள் அழியாதிருக்கும் என்று துணிந்து தேடிய அன்டர்ஸ் பிரான்சன், 1956இல் அதனைக் கண்டுபிடித்தார். 1961இல் கப்பல் மேலே வந்தது. உலரும்போது மரம் வெடியாதிருக்கப் பொலிஎதிலீன் கிளைக்கோல் என்னும் கரைசலைப் 17 ஆண்டுகள் அதன்மீது தெளித்தனர். பழைய ஆணிகள் துருவேறி மறைந்துபோனமையால் 5,000க்கு மேற்பட்ட புதிய இரும்பு மரையாணிகளைப் பூட்டினர். புழுவுக்குத் தப்பிய கப்பல் காலத்துக்கும் தப்பிவிட்டது என்றே உலகம் நம்பியது.

2000ஆம் ஆண்டின் ஈரமிகுந்த கோடையிலே மரத்தின்மேல் வெண்மையும் மஞ்சளுமான உப்புகள் பூத்தன. அவ்விடங்களில் அமிலம் மிகுந்திருந்தது. கப்பலின் மரத்தைத் துளைத்தெடுத்த மாதிரிகளை மக்னஸ் சான்ட்ஸ்ட்ரோம் முதலிய விஞ்ஞானிகள் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் ஆய்வுகூடத்திலே வலிய எக்ஸ் கதிருக்கு உட்படுத்தினர். இது நிழற்படமன்று. கந்தகம் எந்த இரசாயன நிலையில் இருக்கின்றதோ அதற்கேற்ப அது உறிஞ்சும் கதிரின் சக்தி சிறிது மாறும். அம்மாற்றத்தை அளந்தால், மரத்துள் இருப்பது தூய கந்தகமா, அமிலமாகிவிட்ட கந்தகமா என்று பிரித்தறியலாம். இரண்டும் இருந்தன. நகரின் கழிவுகள் சேர்ந்த துறைமுக நீரிலே பற்றீரியாக்கள் உண்டாக்கிய ஐதரசன் சல்பைட்டு, மூன்று நூற்றாண்டுகளாக மரத்துள் ஊறிக் கந்தகமாகத் தங்கியிருந்தது. காற்றுப் பட்டதும் அது அமிலமாகத் தொடங்கிற்று. முழுவதும் மாறினால் 5,000 கிலோகிராம் வரையிற் கந்தக அமிலம் உண்டாகும் என 2002இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அவர்கள் கணித்தெழுதினர்.

அம்மாற்றத்தைத் துரிதப்படுத்தியது இரும்பு. பண்டை ஆணிகளின் துரு ஒருபுறம். கப்பலைக் காப்பாற்றவென மீட்டோரே பூட்டிய மரையாணிகளின் இரும்பு மறுபுறம். அவர்களைக் குறைகூற எனக்கு மனம் வரவில்லை. சிதைந்துகிடந்த கப்பலை ஒன்றாகப் பிணைத்து நிறுத்தியதும் அவ்வாணிகள்தாமே!

2011 முதல் 2018 வரை அம்மரையாணிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித் துருப்பிடியாத உருக்கினால் ஆனவற்றைப் பூட்டினர். மரத்துள் முன்னரே ஊறிவிட்ட இரும்போ உள்ளேயே கிடக்கின்றது. சிறு துண்டுகளைக் கரைசலில் ஊறவைத்து இரும்பைப் பிரித்தெடுக்கலாம். அறுபது மீற்றருக்கும் மேற்பட்ட நீளமுள்ள கப்பலை எந்தத் தொட்டியில் ஊறவைப்பது?