விலை உயர்ந்த கேமராவும் சிவகாசியின் கிஃப்ட் பாக்ஸும்

கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சங்குசக்கரம் எனப் பல ரகங்களை அளவாகச் சேர்த்து ஒரே அட்டைப்பெட்டியில் அடைக்கும் கிஃப்ட் பாக்ஸ், வெவ்வேறு விலைகளில் கிடைப்பதால், ரகம் பார்த்து வாங்கத் தெரியாத குடும்பத்துக்கும் சிவகாசி ஆலையின் பெயரைப் பழக்கிவிடுகிறது. அடுத்த தீபாவளிக்கு அந்தக் குடும்பம் ஸ்டாண்டர்ட் என்றோ சேவல் மார்க் என்றோ பெயர் சொல்லிக் கேட்கிறது. உயர்விலைக் கேமரா நிறுவனங்கள் இப்போது தேடுவதும் இத்தகைய முதல் வாசலைத்தான்.

ஜெர்மனியின் லைகா 1925-இல் லைப்சிக் கண்காட்சியில் 35 மி.மீ. ஃபிலிம் கேமராவை அறிமுகப்படுத்திப் புகழ்பெற்றது என்றாலும், டிஜிட்டலுக்கு மாறுவதில் தாமதித்து 2005-இல் கடும் நிதி நெருக்கடியில் சிக்கியது. மீண்ட பிறகு கைப்பேசி நிறுவனங்களான ஹுவாவேயுடன் 2016-இலும் ஷாவ்மியுடன் 2022-இலும் கைகோத்து, பல லட்சம் ரூபாய்க் கேமராவை எண்ணிப்பார்க்காதவர்களின் கைப்பேசியிலும் தன் பெயரைப் பதித்தது. லென்ஸ் நிறுவனமான ஸைஸ் விவோவுடனும் கேமரா நிறுவனமான ஹாசல்பிளாட் ஒன்பிளஸுடனும் அதே வழியில் சென்றன.

ஆனால் பெயர் பரவுவது வேறு, கேமரா விற்பது வேறு. சிவகாசி அமைந்த விருதுநகர் மாவட்டத்தில் விலை உயர்ந்த கேமராவை வாங்கக்கூடியவர் பெரும்பாலும் அதைக்கொண்டு பிழைப்பவர், அதாவது கல்யாண வீட்டில் படமெடுப்பவர் அல்லது அச்சகங்களுக்காகப் பொருள்களைப் படமெடுக்கும் ஸ்டூடியோக்காரர். வானில் விரியும் பட்டாசைப் படமெடுக்க அவர் கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஒளியுணர்திறனைக் குறிக்கும் ஐஎஸ்ஓ அளவைக் குறைத்து, ஷட்டரைச் சில விநாடிகள் திறந்தே வைக்கிறார். தீப்பொறியின் பாதை முழுவதும் ஒரே படத்தில் கோடுகளாகப் பதிகிறது. ஒளியை மின்சமிக்ஞையாக மாற்றும் சென்சார் பெரிதாக இருப்பதன் பயனை இங்கே அவரே கண்ணால் காண முடியும் என்பதால், விளம்பரப் பலகையைவிட ஒரு மாலைநேரச் செய்முறை விளக்கமே அவரை அதிகம் நம்பவைக்கும்.

அதற்கு மேலும் அவருக்குத் தயக்கம் உண்டு. முகூர்த்த மாதத்தில் கேமரா பழுதானால் மதுரையிலாவது சரிசெய்து தருவார்களா, அதுவரை மாற்றுக் கேமரா கிடைக்குமா என்பதே அவருடைய முதல் கேள்வி. வாடகைக்குத் தருவது, நிறுவனமே சோதித்து உத்தரவாதத்துடன் பழைய கேமராக்களை விற்பது ஆகியவை விலைக்குறைப்பைவிட நல்ல வழிகள், ஏனெனில் அவை பொருளின் மதிப்பைக் கெடுப்பதில்லை. லைகாவிடம் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உள்ளது: 1954-இல் வந்த எம்3 கேமராவின் லென்ஸ் இணைப்பு முறையே 2022-இன் எம்11-இலும் தொடர்வதால், தாத்தா வாங்கிய லென்ஸைப் பேரன் புதிய கேமராவில் பொருத்திப் படமெடுக்கலாம்.